கொதிக்கிற ஏரிக்கு "ஈஸியான அரை நாள் ட்ரிப்"பாம்!

இந்த டூர் விளம்பரம் எழுதுறவங்களை எல்லாம் அந்த ஏரிக்குப் போற வழியில நிக்கிற மோர்ன் நிக்கல்ஸ் மலை மேல ஏத்தி, இறக்கி, மறுபடி ஏத்தி, மறுபடி இறக்கணும். அப்புறம் "மிதமான நடை, குடும்பத்தோட போகலாம்"னு எழுதச் சொல்லுங்க, பார்ப்போம்.

டொமினிகா தீவைப் பத்தித்தான் பேசுறேன். கரீபியன் கடல்ல, குவாதலூப், மார்ட்டினிக்ங்கிற தீவுகளுக்கு நடுவுல இருக்கிற 750 சதுர கிலோமீட்டர் மலைக்காடு. டொமினிகன் ரிபப்ளிக் வேற நாடு, வேற தீவு, வேற விசா விதி. ரெண்டையும் குழப்பி ஓட்டல் புக் பண்றவங்க இன்னும் இருக்காங்க. அதைத் திட்ட ஆரம்பிச்சா இந்தப் பதிவு முடியாது, விடுங்க.

அந்தத் தீவுக்குப் போற பாதிப் பேருக்கு ஒரே கனவு, பாய்லிங் லேக். மோர்ன் த்ருவா பிட்டோன் தேசியப் பூங்காவுக்குள்ள, சுமார் 60 மீட்டர் அகலத்துல சாம்பல் நீலமா கொதிச்சுக்கிட்டு இருக்கிற ஏரி. உண்மையில அது தண்ணி நிறைஞ்ச ஒரு எரிமலை ஆவித்துளை. கரையோரத் தண்ணியே 80, 90 டிகிரி. பார்க்க வேண்டிய இடம்தான், மறுக்கல. ஆனா விக்கிறவன் ஏரியைக் காட்டுறானே ஒழிய மணிக்கணக்கைச் சொல்றதே இல்ல. வாங்குறவங்களும் கேக்கிறதில்ல. அதுதான் எரியுது.

கணக்கை நான் போடுறேன். பாதை தொடங்குறது லௌடா கிராமத்துக்குப் பக்கத்துல, டிட்டூ கோர்ஜ்ங்கிற குறுகின பாறை இடுக்கோட வாசல்ல. போக வர சுமார் 13 கிலோமீட்டர். "13 கிலோமீட்டரா? நான் தினமும் பீச்ல 8 நடக்கிறேனே"ன்னு உடனே ஒருத்தர் கிளம்புவார். ஐயா, இது பீச் இல்ல. நல்லா நடக்கிற ஆளுக்கே போக 3 மணி நேரம், வர 3 மணி நேரம். பழக்கம் இல்லாதவங்க ஒருத்தர் கூட வந்தா மொத்தம் 7, 8. அஞ்சு பேர் போனா அஞ்சு பேரோட சராசரி வேகத்துல போக மாட்டீங்க, ரொம்ப மெதுவா நடக்கிறவரோட வேகத்துலதான் போவீங்க. குரூப்ல பெருமையா "எங்க சித்தப்பாவும் வர்றார்"னு போடும்போதே இந்தக் கணக்கையும் சேர்த்துப் போடணும்.

இப்போ கப்பல்ல வர்றவங்க. இவங்களைப் பார்த்தாத்தான் வயிறு எரியுது. காலை 8 மணிக்கு தலைநகர் ரோசோவோட துறைமுகத்துல கப்பல் கட்டுது. இறங்கி, வரிசை தாண்டி, வேனைக் கண்டுபிடிக்கவே 8:45 ஆகும். ரோசோவுல இருந்து லௌடா கிட்டதான், ஆனா பூராவும் வளைவு, அரை மணி நேரம் ஓடும். நடுவுல தண்ணி வாங்கணும், பூங்கா பாஸ் எடுக்கணும். நடக்க ஆரம்பிக்கும்போது 9:40. ஏரி 12:40. சாப்பிட, போட்டோ எடுக்க அரை மணி, 1:10. திரும்பி டிட்டூ வாசலுக்கு வர 4:10. துறைமுகம் 4:45. கப்பல் 5 மணிக்குக் கிளம்புதுன்னா எல்லாரும் ஏறியிருக்க வேண்டிய நேரம் பெரும்பாலும் 4:30. முடிஞ்சுது கதை. இதுவும் யாரும் வழுக்கல, யாருக்கும் கால் பிசகல, மழை இல்லேங்கிற கற்பனை நாளுக்கான கணக்கு. கப்பல் கம்பெனி மூலமா எடுத்த டூர் லேட்டானா காத்திருப்பான். நீங்களா வெளியில பிடிச்ச டூர்னா காத்திருக்க மாட்டான், அடுத்த துறைமுகத்துக்கு உங்க காசுல விமானம் பிடிக்கணும். இது தெரிஞ்சும் "கப்பல் பயணிகளுக்கு உகந்தது"ன்னு எழுதுறானே, அவனை என்ன சொல்ல?

இதுல நேரக் குழப்பம் வேற. டொமினிகா வருஷம் பூரா அட்லாண்டிக் நேரத்துலயே இருக்கும், கடிகாரத்தை முன்ன பின்ன நகர்த்துற வழக்கம் இல்ல. மயாமியில கிளம்புற கப்பல் சிலது கிழக்கு அமெரிக்க நேரத்துலயே ஓடும். குளிர்காலத்துல ரெண்டுக்கும் ஒரு மணி நேர வித்தியாசம். வழிகாட்டி தீவு நேரத்துக்கு 8 மணிக்கு வந்து நிப்பார், நீங்க கப்பல் நேரத்துக்கு 8 மணிக்கு இறங்குவீங்க, அங்க மணி 9. ஒரு மணி நேரம் போச்சு. இத்தனைக்கும் புக் பண்ணும்போது "இது கப்பல் நேரமா, தீவு நேரமா?"ன்னு ஒரு வரி கேட்டா போதும். எந்த ஃபார்ம்லயும் அந்தக் கேள்விக்குக் கட்டமே கிடையாது!

தீவுலயே தங்குறவங்களாவது தப்பிச்சாங்களான்னா, அதுவும் இல்ல. தீவோட வடகிழக்குல கலிபிஷி பக்கம் கடலோரமா அழகா வீடு பிடிச்சிட்டு "பிக்கப் உண்டு"ன்னு நம்பி உக்காந்திருப்பாங்க. அங்கிருந்து லௌடா வர்றதுக்கே ஒண்ணரை மணி நேரத்துக்கு மேல ஆகும். அந்த பிக்கப்புக்குத் தனிக் காசு, அது விளம்பரத்துல கண்ணுக்குத் தெரியாத எழுத்துல இருக்கும். டிசம்பர், ஜனவரியில சூரியன் மறையறது ஆறுக்கு முன்னாடியே. அடர்ந்த காட்டுக்குள்ள அஞ்சு மணிக்கே மங்கிடும். அதனால காலை ஏழரைக்குள்ள கால் பாதையில இருக்கணும், பகல் பன்னிரண்டரை ஆனா எங்க நிக்கிறீங்களோ அங்கேயே திரும்பணும். ஏரி பத்து நிமிஷ தூரத்துல இருந்தாலும் சரி. ஆளுக்கு ஒரு தலையில மாட்டுற லைட்டும் பையில இருக்கட்டும். செல்போன் டார்ச்சைக் கையில பிடிச்சுக்கிட்டு வேரையும் பிடிச்சு இறங்க உங்களுக்கு மூணு கை கிடையாது.

ஏன் இவ்வளவு நேரம் ஆகுது? இதை ஒருத்தனும் எழுத மாட்டேங்குறான். முதல் ஒரு மணி நேரம் காட்டுக்குள்ள மரக்கட்டை வெச்ச படிகள், வேர்கள், சேறு. பிரேக்ஃபாஸ்ட் ரிவர் வரைக்கும் ஓரளவு சுகம். பாட்டில்ல தண்ணி குறைஞ்சிருந்தா அங்கேயே ரொப்பிக்கணும், அதுக்கு அப்புறம் வர்ற ஓடைகள்ல கந்தகமும் தாதுவும்தான், வாயில வைக்க முடியாது. ஆத்தைத் தாண்டினா படி ஏத்தம், செங்குத்தா, மூச்சு வாங்கிக்கிட்டு, மோர்ன் நிக்கல்ஸ் உச்சிக்கு. ஆயிரம் மீட்டருக்குக் கொஞ்சம்தான் குறைவு. 1870ல இந்த ஏரியைப் பார்த்துப் பதிவு பண்ண ரெண்டு பேர்ல ஒருத்தரான டாக்டர் நிக்கல்ஸோட பேரு அது. மேல காத்து ஆளைத் தள்ளும், வேர்வையில நனைஞ்ச உடம்பு ரெண்டே நிமிஷத்துல நடுங்கும். சரி, ஏறியாச்சுன்னு சந்தோஷப்பட்டா, அந்தப் பக்கம் அதே அளவுக்கு இறக்கம். பாறையைக் கையால பிடிச்சு, உக்காந்து உக்காந்து இறங்குற இடங்கள். கீழே "வேலி ஆஃப் டெசலேஷன்"ங்கிற பாழ் பள்ளத்தாக்கு. புல் பூண்டு இல்லாம மஞ்சளும் வெள்ளையும் கறுப்புமா ஓடைங்க, புஸ்ஸுன்னு ஆவி. இங்க மேல்மண் மெல்லிசு, தப்பான இடத்துல மிதிச்சா உள்ள கொதிக்கிற சேறு. வழிகாட்டி எதுக்குன்னா இதுக்குத்தான். மழைக்கு மழை தடம் மாறும், நேத்து மிதிச்ச இடம் இன்னைக்கு வேற. அவர் கால் வெச்ச இடத்துலதான் வெக்கணும், செல்ஃபிக்காக ரெண்டடி தள்ளி நிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். அங்கிருந்து இன்னும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நடந்தாத்தான் ஏரி.

வரும்போது அதே மோர்ன் நிக்கல்ஸை மறுபடி ஏறணும். இந்த ஒரு வரியை மறைக்கிறதுதான் பெரிய அயோக்கியத்தனம்! வழக்கமான மலையில போகும்போது ஏத்தம், வரும்போது இறக்கம். இங்க களைச்ச காலோட, பாதித் தண்ணி தீர்ந்த பிறகு, ரெண்டாவது ஏத்தம். முட்டி போறது, தசை பிடிக்கிறது, "இனி முடியாது"ன்னு உக்காந்துடுறது எல்லாம் இங்கதான். வண்டி வர வழி கிடையாது. உங்களால நடக்க முடியலேன்னா மத்தவங்க தூக்கித்தான் வரணும்.

இவ்வளவும் இருக்கும்போது குடும்ப வாட்ஸப் குரூப்ல ஒரு திட்டம் ஓடும் பாருங்க. "பாய்லிங் லேக், அப்படியே வர்ற வழியில டிரஃபால்கர் அருவி, எமரால்ட் பூல், சாயங்காலம் ஷாம்பெய்ன் ரீஃப்ல ஸ்நார்க்கலிங்." அப்படியே வர்ற வழியிலயாம்! அதையும் நாலு லோகோ போட்டு ஒரு நாள் பேக்கேஜா விக்கிறதுக்கு ஆள் இருக்கு. ஏரிக்குப் போற அன்னைக்கு ஏரி மட்டும்தான். வேணும்னா திரும்பி வந்ததும் டிட்டூ கோர்ஜ் தண்ணியில இறங்கலாம், அதுவும் கடைசியில. காலையிலேயே இறங்கினா நாள் பூரா ஈரத்துணியோட நடக்கணும். அங்க கால் எட்டாது, தண்ணி ஐஸ் மாதிரி இருக்கும், நீச்சல் தெரியாதவங்களுக்கு லைஃப் ஜாக்கெட் கட்டாயம். மலையில மழைன்னா எட்டிக்கூடப் பார்க்காதீங்க, ரெண்டு பக்கமும் சுவர் மாதிரி பாறை, திடீர் வெள்ளத்துல ஒதுங்க இடமே இல்ல.

மழைன்னதும் இன்னொண்ணு. போன்ல ரோசோவோட வானிலையைப் பார்த்துட்டு "நல்ல வெயில், ரெயின்கோட் வேண்டாம்"னு முடிவு பண்றீங்களே! ரோசோ மேற்குக் கரையில, மழை மறைவுல இருக்கு. உள்மலையில வருஷத்துக்கு 7,000 மில்லிமீட்டருக்கும் மேல கொட்டும். பிப்ரவரியில இருந்து மே வரைக்கும் கொஞ்சம் பரவாயில்ல, ஜூன்ல இருந்து நவம்பர் வரைக்கும் புயல் காலம். பழைய பயணக் குறிப்பு எதையாவது பிரிண்ட் எடுத்துக்கிட்டு வந்து "இங்க படி இருக்கும்னு போட்டிருக்கே"ன்னு வழிகாட்டிகிட்ட வாதாடவும் கூடாது. 2017 செப்டம்பர்ல மரியா புயல் உச்சபட்ச அஞ்சாம் தரத்துல அடிச்சுது, அதுக்கு முந்தின பாதை வர்ணனையை எல்லாம் குப்பையில போடுங்க.

அப்புறம் செருப்பு. ரப்பர் செருப்பு, கேன்வாஸ் ஷூ, ஜிம்முக்குப் போடுற வழவழ அடி ஷூ எதுவும் ஆகாது. பரண்ல அஞ்சாறு வருஷமா கிடந்த "நல்ல ட்ரெக்கிங் ஷூ" அதைவிட மோசம், உள்ள இருக்கிற பாலியூரித்தேன் அடி ஈரக்காத்துலயே பொடிஞ்சுபோய் பாதி வழியில வாயைப் பிளக்கும். பல்லு நல்லா இருக்கிற, ஏற்கெனவே போட்டுப் பழகின ஷூதான் வேணும். ஜீன்ஸ் போடாதீங்க, நனைஞ்சா கனக்கும், தொடையை அறுக்கும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி, உப்பு உள்ள தீனி, ஒரு ஜோடி மாற்று சாக்ஸ். கையில குடை, கண்டிப்பா வேண்டாம், ரெண்டு கையும் காலியா இருக்கணும். வெள்ளிக் கொலுசு, வெள்ளி மோதிரம் எல்லாம் அறையிலயே கழட்டி வைங்க, கந்தகப் புகை பட்டா கறுத்துடும்.

காசு விஷயத்துக்கு வருவோம். "200 டாலர்"னு போட்டிருப்பான். எந்த டாலர்? அங்க ஓடுறது கிழக்குக் கரீபியன் டாலர், 1976ல இருந்து ஒரு அமெரிக்க டாலருக்கு 2.70. 200 கிழக்குக் கரீபியன்னா சுமார் 74 அமெரிக்க டாலர். எதுன்னு எழுத என்ன கேடு? ஆளுக்கா, குழுவுக்கா? குறைஞ்சது நாலு பேர் சேர்ந்தாத்தான் அந்த விலையா? பூங்கா பாஸ், வேன், சாப்பாடு உள்ளேயா வெளியேயா? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? 12 பேருக்கு ஒருத்தர்னா, முன்னாடி போறவங்க அந்தப் பாழ் பள்ளத்தாக்குல ஆவிக்குள்ள நிக்கும்போது கடைசி ஆள் இன்னும் மலை மேல இருப்பார். ஆறு பேருக்கு மேல ஒரே ஆள்னு சொன்னா ஒத்துக்காதீங்க.

கடைசியா ரீஃபண்ட். ஏரியே சில நாள் ஆவியில மறைஞ்சு ஒண்ணுமே தெரியாது. 2004 கடைசியில தண்ணியே வத்தி, 2005லதான் மறுபடி நிறைஞ்சுது. அது இயற்கை, அதுக்குக் காசு திருப்பிக் கேக்க முடியாது, கேக்கவும் கூடாது. ஆனா ஆத்துல தண்ணி ஏறிடுச்சுன்னு பிரேக்ஃபாஸ்ட் ரிவர்லயே வழிகாட்டி திருப்பிக் கூட்டி வந்தா? அவர்கிட்ட மல்லுக்கு நிக்காதீங்க, அவர் உங்க உயிரைப் பார்த்துதான் சொல்றார், அவருக்கு அன்னைக்கு முழு நாள் வேலை போச்சு. அந்தப் பேச்சை எல்லாம் விக்கிறவன்கிட்ட முன்பணம் கட்டுறதுக்கு முன்னாடி எழுத்துல முடிச்சுக்கணும்: பாதியில திரும்பினா எவ்வளவு, கிளம்பாமலே ரத்தானா எவ்வளவு, வேற தேதி தருவியா. "வெதர் பெர்மிட்டிங்", அதாவது வானிலை ஒத்துழைச்சான்னு ரெண்டு வார்த்தையில பதில் வந்தா, அது பதிலே இல்ல. மறுபடி கேளுங்க.