22ஆம் தேதி ராத்திரி பலகாரம் சுடுகிற வீடு

டிசம்பர் 22 ராத்திரி எங்கள் வீட்டில் அடுப்பு அணையாது. தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் மற்றவர்கள் எல்லாம் ஒரு வாரம் முன்பே கிறிஸ்துமஸ் பலகாரம் சுட்டு டின்னில் அடைத்துவிடுவார்கள். நாங்கள் மட்டும் அந்த ஒரு ராத்திரிக்காகக் காத்திருப்போம். கல்யாணமாகி வந்த முதல் வருஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. மணி பத்துக்கு மேல் மாவு கரைக்கிறார்களே, காலையில் சுட்டால் என்ன என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "அம்மா இன்னைக்குத் தூங்காது. நீயும் கூட முழிச்சிரு" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

மாமி, அதாவது என் வீட்டுக்காரரின் அம்மா, தனுஷ்கோடியில் பிறந்தவர். 1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் அடித்தபோது அவருக்கு எட்டு வயது. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான், பாட்டிக்கு உடம்பு முடியவில்லை என்று அவர்கள் குடும்பத்தோடு ராமேஸ்வரம் வந்திருந்தார்கள். அதனால் பிழைத்தார்கள். பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் தனுஷ்கோடி ஸ்டேஷனை எட்டுவதற்குள் கடல் அதை எடுத்துக்கொண்டது. அந்த ரயிலில் மட்டும் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஸ்டேஷன், தபாலாபீஸ், பள்ளிக்கூடம், கோவில் எல்லாம் ஒரே ராத்திரியில் போயிற்று. குடியிருக்க லாயக்கில்லாத ஊர் என்று பிறகு அரசாங்கமே சொல்லிவிட்டது. இன்றைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் கூரையில்லாமல் சுவர் மட்டும் நிற்கிற ஒரு தேவாலயத்துக்கு முன்னால் போட்டோ எடுக்கிறார்களே, மாமிக்கு ஞானஸ்நானம் கொடுத்தது அந்தக் கோவிலில்தான். 2017இல் அரிச்சல்முனை வரைக்கும் தார்ச்சாலை போட்ட பிறகு ஒருமுறை ஆட்டோ வைத்துக் கூட்டிப்போனோம். அவர் இறங்கவே இல்லை. "போதும், திருப்பு" என்றார்.

அந்த ராத்திரியில் அவர் தனியாக விழித்திருக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்த வீட்டில் பலகாரம். என் மாமனார் தொடங்கிவைத்த வழக்கம் என்று அப்புறம்தான் தெரிந்தது. தூங்காமல் உட்கார்ந்திருக்கிற பொண்டாட்டிக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று அந்த மனிதருக்குத் தெரியவில்லை போலும். அரிசி மாவும் தேங்காயும் முட்டையும் வாங்கிவந்து முன்னால் வைத்து, முறுக்கு சுடு என்றாராம்.

அச்சு முறுக்கு சுட்டவர்களுக்குத் தெரியும். அச்சை எண்ணெயில் போட்டு நன்றாகச் சூடேற்ற வேண்டும். சூடு பற்றாவிட்டால் மாவு அச்சில் ஒட்டாது. சூடு மிஞ்சினாலும் மாவு அச்சில் நிற்காது. முழு அச்சையும் மாவுக்குள் முக்கிவிடக் கூடாது, விளிம்பு தெரிய முக்கால்வாசிதான். மாமி அடுப்புக்கு முன்னால் மணையில் உட்கார்ந்து, இடது கையில் ஜெபமாலையும் வலது கையில் அச்சுக்கம்பியுமாக இருப்பார். அச்சை எண்ணெயில் இறக்குவார், ஒரு அருள்நிறை மரியே சொல்வார், ஒரு குலுக்கு, பூ மாதிரி முறுக்கு கழன்று மிதக்கும். எனக்கு இன்னும் அந்தக் கணக்கு வரவில்லை. என் மகளுக்கு வந்துவிட்டது, ஒன்பதாம் வகுப்புதான் படிக்கிறாள். அரையாண்டுப் பரீட்சை முடிந்த களைப்பிலும் ஆச்சி பக்கத்தில் விடிய விடிய உட்கார்ந்திருப்பாள்.

சரி, இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் போன வருஷம் நான் பேசிய ஒரு பேச்சு.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலத்தின் மூன்றாவது வாரம். பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கிற எங்கள் அன்பியக் கூட்டத்தில், அந்த வருஷத்தில் கடவுள் செய்த நன்மைக்கு ஒவ்வொருவரும் நன்றி சொல்லச் சொன்னார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் எங்கள் படகு நடுக்கடலில் இன்ஜின் நின்று ராத்திரி முழுக்கத் தத்தளித்தது. விடியக்காலை வேறொரு நாட்டுப்படகுக்காரர்கள் கயிறு கட்டி இழுத்துவந்து சேர்த்தார்கள். அதே வாரத்தில் எல்லை தாண்டினார்கள் என்று எங்கள் ஊர் ஆட்களைப் பிடித்து அக்கரைக்கு, இலங்கைக்குக் கொண்டுபோயிருந்தார்கள். என் முறை வந்தது. எழுந்து நின்று, "எத்தனையோ பேரப் பிடிச்சிட்டுப் போனாங்க, என் வீட்டுக்காரர ஆண்டவர் கைவிடல. அவருக்கு நன்றி" என்றேன்.

சொல்லிமுடித்து உட்காரும்போதுதான் பார்த்தேன். எனக்கு எதிரில், சுவரோரமாக, பிடிபட்டுப்போன ஒருவரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். மடியில் சின்னப் பிள்ளை. என்னை முறைக்கவில்லை, அழவும் இல்லை. பிள்ளையை இறக்கிவிட்டு, எல்லோருக்கும் டீ ஊற்றிக் கொடுக்கிறேன் என்று உள்ளே எழுந்து போனாள். டம்ளரை என் கையில் கொடுக்கும்போதும் "சூடா இருக்கு, பாத்துக்கா" என்றுதான் சொன்னாள்.

நான் சொன்னதன் மறுபாதி என்ன? என் வீட்டுக்காரரைக் கைவிடவில்லை என்றால் அவள் வீட்டுக்காரரைக் கைவிட்டார் என்றுதானே அர்த்தம். மாதா படத்துக்கு முன்னால், மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துக்கொண்டு, அவள் முகத்துக்கு நேராக அதைச் சொல்லியிருக்கிறேன்.

22ஆம் தேதி ராத்திரி அடுப்படியில் மாமியிடம் இதைச் சொன்னேன். அச்சை எண்ணெயிலேயே விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "நாங்க பொழச்சோம், பக்கத்து வீட்டுல ஆறு பேரும் போய்ட்டாக. அந்த வீட்டுல என் வயசுல ஒரு புள்ள. நாங்க நல்லவுக, அவுக கெட்டவுகளா தாயி? எங்க அப்பத்தாளுக்குக் காய்ச்சல் வந்துச்சு, நாங்க இங்க வந்தோம். அம்புட்டுத்தான்." கொஞ்ச நேரம் கழித்து, "பொழச்சதுக்கு நன்றி சொல்லாம இருந்ததில்ல. ஆனா காப்பாத்துனீரேன்னு ஒருநாளும் சொன்னதில்ல. அப்படிச் சொன்னா அந்தப் புள்ள கேட்டுக்கிட்டு நிக்கும்" என்றார்.

இருபது வருஷத்துக்கும் மேலாக அவருடன் ஜெபம் சொல்லியிருக்கிறேன். அவர் நன்றியில் அந்தச் சொல் இல்லை என்பதை அதுவரை நான் கவனித்ததே இல்லை.

2004ஐ அப்போது நினைத்துக்கொண்டேன். டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு எங்களுக்குத் திருக்குடும்பப் பெருவிழா. மூத்தவன் வயிற்றில் ஏழு மாதம். பூசை முடிந்து வீட்டுக்கு வந்து டிவியைப் போட்டால் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி. இலங்கை குறுக்கே நிற்பதால் எங்கள் பாக் நீரிணைப் பக்கம் அலையின் வேகம் குறைந்தது, பெரிய சேதமில்லை. ஊரெல்லாம் "மாதா காப்பாத்திட்டா" என்று பேசினார்கள், நானும் வயிற்றைத் தடவிக்கொண்டு அதையே சொன்னேன். ஆனால் வேளாங்கண்ணியில் கடல் கொண்டுபோனது மாதாவைப் பார்க்கவென்றே வந்தவர்களை. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகுட்டிகளோடு நேர்ச்சை செலுத்த வந்தவர்களை. எங்களுக்கு வரவேண்டிய அடியைத் தாங்கிக்கொண்டது இலங்கையின் கிழக்குக் கரை. அங்கேயும் நம்மைப் போலவே வலை பின்னுகிற, ஜெபமாலை சொல்கிற குடும்பங்கள். அவர்களிடம் போய் நின்று மாதா எங்களைக் காப்பாற்றினாள் என்று என்னால் சொல்ல முடியுமா? அவர்கள் முன்னால் சொல்ல முடியாததைக் கடவுள் முன்னால் மட்டும் எப்படிச் சொல்வது?

எல்லாச் சூழ்நிலையிலும் நன்றி கூறுங்கள் என்று பவுல் எழுதினார். சூழ்நிலை'யிலும்' என்கிறார், சூழ்நிலை'க்கும்' என்று அந்த வரியில் அவர் கேட்கவில்லை. இந்த ஒரு உருபைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு வருஷமாக நான் ஜெபம் சொல்கிறேன்.

எங்கள் மாவட்டத்து ஓரியூரில் சின்ன வயதிலிருந்து கேட்ட கதை ஒன்று உண்டு. அங்கே 1693 பிப்ரவரி 4 அன்று தலைவெட்டுண்டு இறந்த போர்ச்சுக்கல் நாட்டுக் குரு அருளானந்தரின் தாயைப் பற்றியது. மகன் சிறுவனாக இருக்கும்போது சாகக்கிடந்தான். பிழைத்தால் ஒரு வருஷம் சேசுசபை அங்கி போட்டுவிடுகிறேன் என்று அந்தத் தாய் சவேரியாருக்கு நேர்ந்துகொண்டாள், பிழைத்தான், அப்படியே செய்தாள். அந்தப் பிள்ளைதான் பின்னால் மறவ நாட்டுக்கு வந்து செத்தது. மகன் வேதசாட்சியாக மரித்த செய்தி போர்ச்சுக்கலுக்குப் போனபோது, துக்கம் காக்காமல் விழாவுக்குப் போவது போல உடுத்திக்கொண்டு நன்றி சொன்னாள் என்பார்கள். அவர் ரத்தம் பட்டுச் சிவந்தது என்று சொல்கிற மண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு ஒவ்வொரு தடவையும் அந்தக் கோவிலில் நிற்கும்போது இதை நினைப்பேன். எனக்கு அந்த மனம் கிடையாது. அதை எந்தத் தாயிடமும் கேட்கவும் கூடாது என்று நினைக்கிறேன். பிள்ளை பிழைத்தபோது நேர்ந்ததைச் செய்தாளே, அந்தத் தாயை எனக்குப் புரிகிறது.

வாயால் நன்றி சொல்வது நம் வீடுகளில் வழக்கமே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரர் இத்தனை வருஷத்தில் எனக்கு ஒரு தடவை நன்றி சொன்னதில்லை, நானும் அவருக்குச் சொன்னதில்லை. டிசம்பரில் வாடைக்காற்று ஏறி வடகடல் கொந்தளிக்கும். தென்கடல் பக்கம் போய்த்தான் பாடுபட வேண்டும். மீன்பாடு கிடைக்கிற நாளைவிடக் கிடைக்காத நாள்தான் இந்த மாதத்தில் அதிகம். குளிரில் விறைத்துப்போய் வருகிறவருக்கு வெந்நீர் போட்டுவைப்பேன். விற்றது போகக் கொண்டுவந்த கணவாயில் நாலு பேர் தின்ற பிறகு சட்டியில் எனக்கென்று ஒரு துண்டு கிடக்கும். கிடக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் கை கழுவுவார். இதுதான் எங்களுக்குள் இருக்கிற நன்றி. மதுரையில் படிக்கிற மூத்தவன் போனில் "தேங்க்ஸ்மா" என்று சொன்னபோது, யாரோ வெளியாள் பேசுகிற மாதிரி இருந்தது. விடுமுறைக்கு வந்தவன், ஒன்றும் சொல்லாமல் மொட்டைமாடியில் ஏறி நட்சத்திரம் கட்டிவிட்டு, என் தம்பி வீட்டு மல்லிகை நாற்று பதியன் போடுகிற இடத்தில் போய் ஒரு நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்துவிட்டு வந்தான். அது எனக்குப் போதும்.

சட்டியில் துண்டு விட்டுவைக்கத் தெரிந்த நமக்கு, கோவிலில் எழுந்து நின்றால் மட்டும் மற்றவரின் இழப்பை வைத்து நம் வரவைக் கணக்குச் சொல்கிற பழக்கம் எங்கிருந்து வந்தது? ஊரில் சாட்சி சொல்கிறவர்களைக் கவனித்துப் பாருங்கள். விபத்தில் மற்றவர்கள் செத்தார்கள், நான் பிழைத்தேன். பக்கத்து வீட்டில் தொற்று வந்தது, எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நானும் அதையேதான் செய்தேன், அதனால் யாரையும் குறை சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்த பிறகு இனி என்னால் அப்படிச் சொல்ல முடியாது.

போன வருஷம் 23ஆம் தேதி காலையில் முதல் டின்னை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவள் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. "அக்கா, காவல மறுபடி நீட்டிட்டாங்களாம். தேதி போன்ல வந்திருக்கு, எனக்குப் படிக்கத் தெரியல. உங்க மவன் இருந்தா வரச்சொல்றீகளா" என்றாள். மூத்தவனைக் கூப்பிட்டேன். அவன் வாசலில் உட்கார்ந்து படித்துச் சொன்னான், அவள் காலண்டரில் வட்டம் போட்டாள். அவள் பிள்ளைகள் இரண்டும் முறுக்கின் ஓட்டை வழியாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. அந்த வருஷம் அவர்கள் வீட்டில் குடில் கட்டவில்லை. கடற்கரை மணலும் பனையோலையும் எங்கள் வீட்டில்தான் வந்து அடுக்கினார்கள். பாலன் வைக்கிற இடம் காலியாக இருக்க, ஓலைக்கு அடியில் ஒரு தெர்மாகோல் படகை அந்தச் சின்னப்பையன் வைத்தான். எடுக்காதே என்று மாமி சொல்லிவிட்டார்.

அவள் வீட்டுக்காரர் இந்த வருஷம் கோடையில் வந்து சேர்ந்தார். படகு வரவில்லை. இப்போது வேறு சிலர் வீட்டில் ஆள் இல்லை.

இந்த டிசம்பர் 31 நன்றி வழிபாட்டுக்கு ஒரு விஷயம் கேட்டு எங்கள் பங்குத்தந்தையைப் பார்த்தேன். யாரும் நன்றி சொல்லத் தொடங்கும் முன்னால், அக்கரையில் சிறையில் இருக்கிறவர்கள், கடலுக்குப் போய் உடல் கூடக் கிடைக்காதவர்கள், இந்த வருஷம் படகை இழந்தவர்கள், இவர்கள் பெயரை முதலில் வாசிக்க வேண்டும். அதைக் கேட்ட பிறகு அவரவர் நன்றியைச் சொல்லட்டும். அவர் சரி என்றார். சாதி சபை மதம் பார்க்காமல் எழுதச் சொல்லியிருக்கிறார், படகில் ஏறும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை.

பட்டியலை என் மகள் ஒரு அன்ரூல்டு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள். முதல் பெயர் மாமி சொன்னது, தனுஷ்கோடியில் பக்கத்து வீட்டுப் பிள்ளை. பாம்பன், தங்கச்சிமடம், ராமேஸ்வரம் பக்கத்தில் உங்களுக்குத் தெரிந்த யாராவது விடுபட்டிருந்தால், 30ஆம் தேதிக்குள் பெயரைச் சொல்லியனுப்புங்கள்.