மெடிக்கல் எய்ட் இல்லேன்னா மருந்தே இல்லையா?

தென்னாப்பிரிக்கா டர்பன்ல சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் இருக்கற நம்ம சனங்ககிட்ட ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். மெடிக்கல் எய்ட், அதாவது மாசாமாசம் காசு கட்டற மருத்துவ காப்பீடு, போச்சுன்னா வைத்தியமே போச்சுன்னு வீட்டுக்குள்ள உக்காந்துக்காதீங்க. கவர்மென்ட் கிளினிக்ல காசு கட்ட வேண்டியதில்ல. அரசியல் சட்டம் 27ஆவது பிரிவுல மருத்துவத்தையும் சாப்பாட்டையும் சேர்த்தே உரிமைன்னு எழுதி வச்சிருக்கு, அவசர சிகிச்சைய யாருக்கும் மறுக்கக்கூடாதுன்னும் அதே பிரிவுலதான் இருக்கு.

ஆனா எங்க தெருவுல ஒரு அக்கா பிரஷர் மாத்திரைய காய் வெட்டற கத்தியால பாதி பாதியா வெட்டி, பழைய ஐஸ்கிரீம் டப்பால போட்டு வச்சு முழுங்கிட்டு இருந்தாங்க. புருஷனுக்கு துணி ஃபேக்டரில வேல போச்சு, கூடவே மெடிக்கல் எய்டும் போச்சு, அக்காவுக்கு வயசு 57, பென்ஷனுக்கு 60 ஆகணும். ஏன்க்கா கிளினிக் போகலன்னா, "கியூல யாராச்சும் பாத்துட்டா என்னம்மா நெனப்பாங்க"ன்னு கேக்கறாங்க. எனக்கு அழுகையே வந்துருச்சு. இத்தன வருஷம் வரி கட்டின குடும்பம், இதுல கூச்சப்பட என்ன இருக்கு?

கியூ நீளம்தான், விடியறதுக்கு முன்னாடியே போய் நிக்கணும், அத மறைக்கல. ஆனா நோய் கட்டுக்குள்ள வந்துட்டா, மாத்திரைய பக்கத்து ஃபார்மசிலயே வாங்கிக்கற சிசிஎம்டிடி திட்டம் இருக்கு, நர்ஸ்கிட்ட நீங்களா கேளுங்க. ஆர்.கே. கான் மாதிரி பெரிய ஆஸ்பத்திரிக்கு போகணும்னா கிளினிக்ல ரெஃபரல் லெட்டர் வாங்கிட்டு போங்க. அங்க வருமானத்த பாத்துதான் ஃபீஸ் போடுவாங்க, கிராண்ட், அதாவது அரசு உதவித்தொகை, வாங்கறவங்களுக்கு இலவசம். வேல இல்லாதவங்க அதுக்கான பேப்பர் காட்டணும், அஃபிடவிட் கேட்டா போலீஸ் ஸ்டேஷன்ல காசில்லாம செஞ்சு குடுப்பாங்க.

அடுத்தது சாப்பாடு. வருமானமே இல்லாதவங்களுக்கு மாசாமாசம் அரசு குடுக்கற எஸ்ஆர்டி கிராண்ட் 370 ரேண்ட், அத வச்சு ஒரு ஆள் மாசம் பூரா சாப்பிட முடியாது, அதுவும் மாச வருமானம் 624 ரேண்ட தாண்டினா கெடையாது. அக்காவுக்கு மகன் மருந்துக்குன்னு கொஞ்சம் காசு போட்டு விட்டான், பேங்க்ல அது தெரிஞ்சதும் அக்காவோட எஸ்ஆர்டி மனு ரிஜெக்ட். புள்ள அம்மாவுக்கு குடுக்கறது சம்பளமா? 2025 ஜனவரில பிரிட்டோரியா ஹைகோர்ட்டே இந்த மாதிரி விதிங்க தப்புன்னு சொல்லிச்சு, அரசு அப்பீலுக்கு போயிருச்சு. ரிஜெக்ட் ஆனா அப்படியே விட்றாதீங்க, அப்பீல் போடலாம். ரொம்ப முடியாதவங்களுக்கு, கிராண்ட் குடுக்கற அரசு அமைப்பான சாசா தற்காலிகமா உணவு பார்சலோ வவுச்சரோ குடுக்கற திட்டம் தனியா இருக்கு, கிராண்ட் இல்லாதவங்களும் போய் கேக்கலாம்.

கோயில் கமிட்டி அண்ணன்மாருக்கு ஒரு வார்த்த. பொரட்டாசி சனிக்கெழமைன்னா, காவடின்னா நீங்க போடற சாப்பாட்டுக்கு கொறையே சொல்ல முடியாது, வர்றவங்கள யாருன்னு கேக்காம எலை போடறீங்க. அதே எடத்துல சனிக்கெழம தோறும் ஒரு மேச போட்டு, ஃபார்ம் நிரப்ப, அப்பீல் எழுத, எந்த கிளினிக்குக்கு என்ன பேப்பர்னு சொல்ல ரெண்டு படிச்ச புள்ளைங்கள உக்கார வைங்க. ஃபோன்ல டேட்டா இல்லாத வயசானவங்க இந்த ஆன்லைன் ஃபார்ம தனியா எப்படி நிரப்புவாங்க? சாப்பிட வந்த எடத்துல கேக்கறதுக்கு யாரும் கூச்சப்பட மாட்டாங்க. பிரிண்டர் என்கிட்ட இருக்கு, கொண்டு வரேன், எந்த கோயில்னு மட்டும் கமென்ட்ல சொல்லுங்க.