உயிரியல் மானிடவியல்: பெயரை விட அளவு முக்கியம்

கல்லூரியில் உயிரியல் மானிடவியல் எடுத்தவர்கள் முதலில் 206 எலும்புகளின் பெயரையும் உருப்போடுகிறார்கள். அது தேவைதான். ஆனால் படத்தை வைத்தே படித்தவர் கையில் தொடை எலும்பின் நடுத்துண்டைக் கொடுத்தால், மேல் எது கீழ் எது என்றே தடுமாறுவார். அகழாய்வில் முழு எலும்பு கிடைப்பது அபூர்வம். செய்முறைத் தேர்விலும் துண்டுகளைத்தான் வைக்க வேண்டும் என்பேன்.

முழு ஃபீமர் (தொடை எலும்பு) சுலபம். தலைப்பகுதியை மேலே வைத்து, பின்புறம் ஓடும் லீனியா ஆஸ்பெரா வரம்பு உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். தலை உங்கள் வலப்பக்கம் திரும்பியிருந்தால் அது இடது கால். துண்டு என்றால், அந்த வரம்பையொட்டி இரத்தக்குழாய் நுழையும் சிறு துளையைத் தேடுங்கள். மெல்லிய தூரிகை மயிரை உள்ளே விட்டால் அது இடுப்புப் பக்கமாகச் சரிந்து போகும். மேல்முனை எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும்.

பெரிய தவறுகள் அளவெடுக்கும்போதுதான் நடக்கின்றன. ஃபீமரின் கீழ்முனையில் இரண்டு குமிழ்கள் உண்டு. உட்குமிழ், எலும்பை அளக்கும் பலகையின் நிலையான சுவரைத் தொட, எலும்பை அசைத்து அசைத்துக் கிடைக்கும் உச்ச அளவே அதிகபட்ச நீளம். இரண்டு குமிழும் சுவரைத் தொட்டால் அது வேறு அளவு. சில மில்லிமீட்டர் குறையும். எலும்பிலிருந்து ஆளின் உயரத்தைக் கணிக்க, டிராட்டர், கிளெசர் என்ற ஆய்வாளர்கள் 1952இல் அமெரிக்க வெள்ளை ஆண்களுக்குத் தந்த சூத்திரம் அதிகபட்ச நீளத்துக்கானது: சென்டிமீட்டரில் நீளம் × 2.38 + 61.41. அதில் 5 மி.மீ. தவறினால் உயரம் 1.2 செ.மீ. தவறும்.

45 செ.மீ. எலும்புக்கு விடை 168.5 செ.மீ. இதை மட்டும் எழுதினால் என்னைக் கேட்டால் அரை மதிப்பெண்கூடத் தரக்கூடாது. இந்தக் கணிப்பின் திட்டப்பிழை (standard error) ±3.27 செ.மீ. ஆகவே ஏறத்தாழ 95 சதவீத உறுதியோடு சொல்லக்கூடியது 162 முதல் 175 வரை என்பதுதான். அதுவும் அந்த மக்கள்தொகைக்கு மட்டும். காலுக்கும் உடலுக்கும் உள்ள விகிதம் மக்களுக்கு மக்கள் மாறும். புள்ளியியலைத் தள்ளிப்போடுபவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அதே ஆய்வின் டிபியா (முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு) அளவு இன்னும் பெரிய பாடம். கணுக்கால் முனையைச் சேர்த்து அளந்ததாக விளக்கத்தில் எழுதியிருந்தார்கள். உண்மையில் அதை விட்டுவிட்டே அளந்திருக்கிறார்கள். 1990களில்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. விளக்கத்தை நம்பி அளந்தவர்களுக்கு உயரம் 2.5 முதல் 3 செ.மீ. வரை கூடுதலாக வந்தது.

எனவே எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளந்தீர்கள் என்பதை எண்ணுக்கு முன்னால் எழுதுங்கள். வேறொரு நாள், பழைய தாளைப் பார்க்காமல் மறுபடி அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தையும் அறிக்கையில் சேருங்கள்.