'விருப்ப இசை': வசனத்தை யாரும் வெட்டவில்லை

ஜெர்மன் நாடகாசிரியர் ஃபிரான்ஸ் சேவர் க்ரோட்ஸின் ஓரங்க நாடகம் 'விருப்ப இசை' பற்றி ஒரு தகவல் சுற்றுகிறது: மொழிபெயர்க்க முடியாமல், இந்தியாவில் அதன் வசனங்களை வெட்டி ஊமை நாடகமாக்கிவிட்டார்களாம். இது தவறு.

வெட்டுவதற்கு அதில் வசனமே கிடையாது. 1973இல் ஸ்டுட்கார்ட்டில் முதன்முதலாக மேடையேறியபோதும் அப்படித்தான். பிரதி முழுக்க மேடைக் குறிப்புகள்தான். தனியாக வாழும் ஒரு நடுவயதுப் பெண் வேலை முடிந்து வீடு திரும்புகிறாள். சாப்பிடுகிறாள், பாத்திரம் கழுவுகிறாள், கம்பளம் பின்னுகிறாள். நேயர் விருப்பப் பாடல்கள் ஒலிக்கும் வானொலி மட்டும் பேசுகிறது. அந்த இரவு அவளுடைய கடைசி இரவு என்பது முடிவில்தான் தெரிகிறது.

அப்புறம், 1980களின் பிற்பகுதியில் நாடகக் கலைஞர்கள் ருஸ்தம் பரூச்சாவும் மானுவல் லுட்கன்ஹார்ஸ்டும் இதை இந்திய நகரங்களுக்குக் கொண்டுவந்தார்கள். கல்கத்தாவில் ஒரு நடிகை, பம்பாயில் சுலபா தேஷ்பாண்டே, சென்னையில் நம் நடனக் கலைஞர் சந்திரலேகா நடித்தார்கள். இங்கே மாற வேண்டியிருந்தது பேச்சு அல்ல, வாழ்க்கை: அந்தந்த ஊர்ப் பெண்ணின் அறை, சமையல், வேலை. அதுவும் பெரிய மொழிபெயர்ப்புதான். அதை 'வெட்டு' என்று சொல்வது அந்த மூன்று நடிகைகளின் உழைப்பையும் மறைத்துவிடுகிறது.