பாஸ்புக்கில் ஏழு கோடுகள்

போன வாரம் பெரியம்மா மகளோடு குடும்பநல நீதிமன்றத்துக்குப் போயிருந்தேன். அக்கா கையில் ஒரு மஞ்சள் பை. உள்ளே பள்ளிக் கட்டண ரசீதுகள், மருந்துச் சீட்டு, பாஸ்புக். மகனுக்கு மாதம் 6,000 ரூபாய் தர வேண்டும் என்று தகப்பனுக்கு உத்தரவாகி மூன்று வருடம் ஆகிறது. பணம் வந்த வரிகளுக்கு அடியில் அக்கா பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள். எண்ணிப் பார்த்தேன். ஏழு.

ஜீவனாம்ச வழக்கில் உத்தரவு வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று நானும் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் அலைச்சலே தொடங்குகிறது. பாக்கிக்குத் தனி மனு, சம்மன், வாரண்ட். காவல் நிலையத்துக்குப் போகும் வாரண்ட், ‘ஆள் வீட்டில் இல்லை’ என்று திரும்பி வரும். எங்கே இருக்கிறார் என்று நீங்களே விசாரித்துச் சொல்லுங்கள் என்பார்கள். தையல் வேலையைப் போட்டுவிட்டு அக்கா தேடி அலைய வேண்டும். அகப்பட்டாலும், வாய்தா அன்று காலையில் 5,000 ரூபாயைக் கட்டி மீதிக்கு அவகாசம் கேட்பார், வாரண்ட் ரத்தாகிவிடும். மாதச் சம்பளக்காரர் என்றால் சம்பளத்தில் பிடிக்கலாம். இவர் சொந்த வண்டி ஓட்டுகிறார், வருமானம் கைக்காசு.

என்னால் ஏற்கவே முடியாத விதி ஒன்று உண்டு. ஜீவனாம்சத்துக்கான பிரிவு, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125ஆவதாக இருந்தது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தில் 144 ஆகிவிட்டது. எண்தான் மாறியது. பாக்கி விழுந்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டால்தான் வாரண்ட் என்பது அப்படியே இருக்கிறது. மகன் டைபாய்டில் கிடந்தபோது அக்காவால் நீதிமன்றப் படி ஏற முடியவில்லை. நான்கு மாதப் பணம் கெடு தாண்டிவிட்டது. கைமாற்றுக் கொடுத்தவனுக்கே வழக்குப் போட மூன்று வருடம் தருகிற சட்டம், பிள்ளையின் சோற்றுக்கு ஒரு வருடம்தான் தருகிறது.

ஜெர்மனியில் தகப்பன் தராவிட்டால் அரசே குழந்தைக்கு முன்பணம் கொடுத்துவிட்டு அவரிடம் வசூலிக்கிறது. வசூலிக்கும் பாரம் தாயின் தலையில் இல்லை. இங்கும் அப்படித்தான் இருக்க வேண்டும். வரி பாக்கிக்கு வீடு தேடி வரத் தெரிந்த அரசுக்கு இது முடியாத காரியமே அல்ல.

அதுவரை, உத்தரவு கையில் உள்ளவர்கள் தயவுசெய்து காத்திருக்காதீர்கள். மூன்று மாதப் பாக்கி சேர்ந்ததுமே மனுப் போடுங்கள். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். அக்காவுக்கு இதை யாரும் சொல்லவில்லை.