ஸ்கேன் கருவி வாங்கினால் தாமதம் தீருமா?

"பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ்-இல் ஸ்கேன் முடிவு தாமதமாவது கருவிப் பற்றாக்குறையால்தான், ஏஐ வந்துவிட்டதால் ரேடியாலஜி டாக்டர்கள் இனி தேவையில்லை" என்றொரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதி அரை உண்மை, மறுபாதி தவறு.

படம் எடுப்பவர் ரேடியோகிராபர். அதைப் படித்து அறிக்கை எழுதுபவர் ரேடியாலஜிஸ்ட். (எலும்பு எக்ஸ்ரே போன்றவற்றுக்குத் தனிப் பயிற்சி பெற்ற ரேடியோகிராபரும் எழுதுவார், சிடி, எம்ஆர்ஐ பெரும்பாலும் டாக்டரிடமே போகும்.) படிக்க ஆளில்லாமல் கருவியை மட்டும் கூட்டினால், படிக்கப்படாத படங்கள்தான் குவியும்.

இந்த டாக்டர்களின் பிரிட்டன் அமைப்பான ராயல் காலேஜ் ஆஃப் ரேடியாலஜிஸ்ட்ஸின் 2023 கணக்கெடுப்பில் ரேடியாலஜிஸ்ட் பற்றாக்குறை 30 சதவீதம். மருத்துவப் படிப்பும் 2 ஆண்டு அடிப்படைப் பயிற்சியும் முடித்தவருக்கே துறைப் பயிற்சி இன்னும் 5 ஆண்டு. பயிற்சி இடங்களை இன்று கூட்டினாலும் பலன் உடனே கிடைக்காது.

ஏஐ சந்தேகமான இடத்தைச் சுட்டும், அவசரப் படத்தை வரிசையில் முன்னே தள்ளும். பழைய படத்தோடு ஒப்பிட்டு அறிக்கைக்குப் பொறுப்பேற்பவர் இன்றும் டாக்டரே. ரேடியாலஜிஸ்ட் பயிற்சியை நிறுத்திவிடலாம் என்று ஏஐ முன்னோடி ஜெஃப்ரி ஹிண்டன் சொன்னது 2016இல்!