எஸ்எம்சில, அதாவது பள்ளி மேலாண்மைக் குழுல, வாத்தியார் இருக்கலாமா கூடாதா?

மேல ஒருத்தர் "டீச்சர், எச்எம் யாரும் பள்ளி மேலாண்மைக் குழுல இருக்கவே கூடாது, சட்டவிரோதம், கேஸ் போடுங்க"ன்னு எழுதிருக்கார், அதுக்கு இத்தனை லைக் வேற. ப்ரோ, சட்டம் அப்படி சொல்லவே இல்ல. 2009 கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 21ஐ ஒருவாட்டி படிங்க, உள்ளாட்சி பிரதிநிதி, பெற்றோர், ஆசிரியர் எல்லாரும் சேர்ந்ததுதான் குழுன்னு அதுலயே இருக்கு. அது கேக்கறது என்னன்னா குறைஞ்சது நாலுல மூணு பங்கு பெற்றோரா இருக்கணும், மொத்தத்துல பாதி பெண்களா இருக்கணும்.

நம்ம தமிழ்நாட்டுல 2022ல குழுவ மாத்தி அமைச்சப்போ 20 பேர்ல 15 பேர் பெற்றோர், எச்எம்மும் ஒரு ஆசிரியரும் மிச்ச அஞ்சு பேருக்குள்ளதான் வந்தாங்க. தலைவர் பதவி மட்டும் பெற்றோருக்குத்தான், எச்எம் அதுல உக்காந்தா அப்ப கேளுங்க, நானும் கூட வரேன்.

எச்எம் இருந்தா என்ன ஆகும்னு பயப்படறது புரியுது, பல ஊர்ல அவர் நீட்டுற இடத்துல கையெழுத்து போட்டுட்டு டீ குடிச்சிட்டு வர்றதுதான் மீட்டிங். ஆனா அவர தூக்கிட்டா பள்ளிக்கு வந்த மானியம் எவ்ளோ, எதுக்கு செலவாச்சுன்னு யார நிக்க வச்சு கேப்பீங்க, அந்த செலவ கண்காணிக்கறதே குழுவோட வேலைன்னு அதே பிரிவுல இருக்கே. அப்புறம் இது அரசு, உதவிபெறும் பள்ளிக்குத்தான், அரசு உதவி வாங்காத பிரைவேட் ஸ்கூலுக்கு பிரிவு 21 பொருந்தாது, அதையும் இதையும் போட்டு குழப்பாதீங்க.